குதிரை தாவும் தூரத்தில் ராணி

மார்ச் 3

மச்சானுக்கு,

போனில் கூப்பிட்டால் நீ எடுக்கமாட்டாய். இரண்டு வருஷமாக எடுக்கவில்லை. உன் தங்கச்சி கூப்பிட்டால் எடுக்கிறாய். "பக்கத்துல அவரு இருக்காரா?" என்று கேட்கிறாய். இருக்கிறேன் என்று தெரிந்தால் வெந்நீரில் கை வைத்தவன் மாதிரி வைத்துவிடுகிறாய். அதனால் இதை எழுதி ஹாரன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். வாரம் ஒருமுறை சோப்புத்தூள் மூட்டை ஏற்றிக்கொண்டு உன் கிளைக்கு அவன்தானே லாரி ஓட்டிக்கொண்டு வருகிறான்? பதிலையும் அவனிடமே கொடு. பிரித்துப் படிக்கமாட்டான். படித்தால் ஊரெல்லாம் ஊதிவிடுவான், அது அவன் சுபாவம்.

விஷயம் இதுதான். நம் சலவை ஆலை முதலாளி செஸ் போட்டியின் விதிகளை மாற்றப்போகிறார். போன வருஷம் நீ வரவில்லை, அதனால் உனக்குத் தெரியாது. முதல் இரண்டு சுற்றில் நாற்பத்தாறு ஆட்டம். அதில் முப்பத்தொன்று டிரா. ஒரே மேஜையில் நின்று ஆஸ்பத்திரி விரிப்பு மடிக்கிறவர்கள், ஒருத்தரை ஒருத்தர் வெட்ட மனசு வராமல், பத்தாவது நகர்வில் கை கொடுத்துவிட்டு எழுந்துவிட்டார்கள். முதலாளி முன் வரிசையில் உட்கார்ந்து கொட்டாவி விட்டார். "இது போட்டியா, கல்யாண வீடா?" என்று மைக்கிலேயே கேட்டார்.

இப்போது கமிட்டி போட்டிருக்கிறார். ஆள் எடுக்கும் அதிகாரி கோட்டு (இன்னும் அந்தக் கோட்டைக் கழற்றவில்லை, நீராவி அறைக்குள்ளேயும் அதோடுதான் வருகிறார்), பாய்லர்காரர், பிறகு பழைய வெற்றியாளன் என்ற முறையில் நான். ஆட்டம் நியாயமாகவும் இருக்கவேண்டும், டிராவும் குறைய வேண்டும். அதுதான் உத்தரவு.

எனக்குத் தெரிந்து இதைப் பற்றி யோசித்த ஒரே ஆள் நீ. சாப்பாட்டு நேரத்தில் கிழிந்த விரிப்பில் கட்டம் வரைந்து, சட்டைப் பொத்தான்களைக் காய்களாக வைத்து, "இந்த விதி தப்புடா, அந்த விதி தப்புடா" என்று கத்திக்கொண்டிருப்பாயே. இப்போது சொல். எழுதிக் கொண்டுபோய் வைக்கிறேன்.

இது உனக்கு மூன்றாவது முறை. ஓர் ஆளுக்கு மூன்று தடவைதான் அனுமதி என்பதை மறந்துவிடாதே. வராமல் விட்ட வருஷமும் கணக்கில் சேர்ந்துவிட்டது.

உன் மருமகள் பேச ஆரம்பித்துவிட்டாள். முதல் வார்த்தை "வேணாம்".

மாப்பிள்ளை


மார்ச் 10

மாப்பிள்ளை அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. ஹாரன் அதைக் கொடுக்கும்போதே "ரெண்டு வருஷ விரதத்தை முறிச்சிட்டாரு போல" என்று சிரித்தான்.

விதி கேட்டிருக்கிறீர்கள். முதலில் என் கருத்து: நூற்று நாற்பது ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஒரு நிரந்தர வேலை. அதை எல்லாருக்கும் நடுவே தூக்கிப் போட்டு, ஆடிப் பிடுங்கிக்கொள் என்பது விளையாட்டு இல்லை. அதற்கு எந்த விதி எழுதினாலும் அநியாயம்தான். வருஷத்துக்கு ஒருவனிடம் ஒப்பந்தச் சாம்பல் அட்டையை வாங்கிக்கொண்டு நிரந்தர நீல அட்டை கொடுத்தால் மிச்சம் நூற்று முப்பத்தொன்பது பேரும் கேள்வி கேட்காமல் பன்னிரண்டு மாதம் இஸ்திரி உருளையில் விரிப்பு தள்ளுவார்கள் என்று அவருக்குத் தெரியும். டிரா ஆடியவர்கள்தான் மனிதர்கள்.

இருந்தாலும் நான் வருகிறேன். எனக்கும் வயிறு இருக்கிறது. இங்கே நாங்கள் ஆறு பேர் பாய்லருக்கு மேலே இருக்கும் அறையில் தங்கியிருக்கிறோம். தரை எப்போதும் சுடும். செருப்போடுதான் தூங்குகிறோம். நீல அட்டை இருந்தால் குடியிருப்பில் ஒரு வீடு. திங்கட்கிழமை காலையில் கான்ட்ராக்டர் பட்டியலில் என் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியதில்லை. அது போதும்.

என் விதிகள்:

பேசி வைத்து டிரா செய்யக் கூடாது. கை கொடுப்பது ஆட்டம் முடிந்த பிறகு. இதை எழுதும்போதே எனக்கு வெட்கமாக இருக்கிறது, டிரா ஆடியவர்கள்தான் மனிதர்கள் என்று இப்போதுதான் எழுதினேன். ஆனால் இறுதியில் ஒருவனுக்குத்தான் வேலை என்றால், முன்னாலேயே கழுத்தைப் பிடித்துச் சொல்லிவிடுவது நேர்மை.

இறுதி ஆட்டம் டிரா ஆனால் சோப்புத்தூள் குவளையில் இரண்டு பெயரைப் போட்டுக் குலுக்கும் வேலை இனி வேண்டாம். ஒரு மனுஷனுடைய வாழ்க்கை குவளையில் கிடந்து உருளக் கூடாது.

மூன்றாவது: ஸ்டேல்மேட். ராஜாவுக்குச் செக் இல்லை, ஆனால் நகர ஒரு கட்டமும் இல்லை, நகர்த்த வேறு காயும் இல்லை. இப்போது அதை டிரா என்கிறார்கள். ஏன்? எதிராளியின் எல்லாக் கட்டத்தையும் பிடித்தவன் ஜெயித்தவன் இல்லையா? ஒருவன் இருபது நகர்வு உழைத்து மூலையில் அடைக்கிறான். அடைபட்டவன் சும்மா உட்கார்ந்திருக்கிறான். கடைசியில் ஆளுக்குப் பாதி. இது எந்த ஊர் நியாயம்? ஸ்டேல்மேட் செய்தவனுக்கு முழு வெற்றி என்று எழுதுங்கள். டிராவும் பாதியாகக் குறையும்.

மருமகளுக்கு என் அன்பு. "வேணாம்" நல்ல வார்த்தை. மறக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மச்சான்


மார்ச் 17

மச்சானுக்கு,

முதல் இரண்டையும் அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டேன். பாய்லர்காரர் தலையாட்டினார். கோட்டு, "உங்க மச்சான் வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம்" என்றார். பாராட்டா திட்டா தெரியவில்லை.

மூன்றாவதை நான் இன்னும் வெளியே எடுக்கவில்லை. சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன். ஏன் என்று உனக்குத் தெரியும்.

நீ எழுதவில்லை என்பதால் நானே எழுதுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் இறுதி ஆட்டம். நீயும் நானும். என்னிடம் ராஜா மட்டும், மூலையில். உன்னிடம் ராஜாவும் ராணியும். இன்னும் மூன்று நகர்வில் ஆட்டம் முடிந்திருக்கும். நீ ராணியைத் தூக்கி, என் ராஜாவிலிருந்து குதிரை தாவும் தூரத்தில் வைத்தாய். எனக்குச் செக் இல்லை, நகரவும் இடமில்லை. ஸ்டேல்மேட். டிரா. குவளை. என் பெயர் வந்தது. நீல அட்டை எனக்கு.

செஸ் கற்றுக்கொண்ட முதல் வாரத்திலேயே அந்த இடத்தில் ராணியை வைக்கக் கூடாது என்று எல்லாருக்கும் தெரியும். உனக்குத் தெரியாதா? அதனால்தான் கூடம் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. "தங்கச்சி வயித்துல புள்ள இருக்குன்னு விட்டுக் கொடுத்துட்டான்யா" என்றார்கள். நீ எதுவும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டாய். அடுத்த மாதமே அந்தக் கிளைக்கு மாற்றம் கேட்டுப் போய்விட்டாய். இப்போது கடிதத்தில் எனக்கு "நீங்கள்" போடுகிறாய்.

என் வீட்டில் என்ன நடக்கிறது என்று நீ யோசித்திருக்கிறாயா? பால் பொங்கி வழிந்தாலும் சரி, குழாய் ஒழுகினாலும் சரி, சண்டை கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும். "இந்த வீடு எங்கண்ணன் போட்ட பிச்சை. வாயை மூடிக்கிட்டு இருங்க." அதற்குமேல் நான் என்ன பேச முடியும்? அட்டையைக் கழுத்தில் மாட்டும்போது படம் உள்பக்கம் திரும்பும்படி மாட்டிக்கொள்கிறேன். கோட்டு தினமும் திருப்பி விடுகிறார். நான் மறுபடி திருப்பிக்கொள்கிறேன்.

ஸ்டேல்மேட்டை வெற்றி என்று நானே எழுதிக் கொடுத்தால், அன்றைக்குத் தோற்றவன் நான்தான் என்று கையெழுத்துப் போட்ட மாதிரி. அது போகட்டும், அதைத் தாங்கிக்கொள்வேன். ஆனால் அந்த விதியே எனக்குச் சரியாகப் படவில்லை. யோசித்துப் பார். யாரும் அடிக்கவில்லை, யாரும் துரத்தவில்லை, ஆனால் கால் வைக்க இடம் இல்லை. அது யார்? நாம்தானே! எல்லா இடத்தையும் வளைத்துப் போட்டவனைப் பார்த்து, "இவ்வளவு பிடுங்கினாயே, அதனாலேயே உனக்கு ஜெயம் கிடையாது" என்று சொல்லுகிற ஒரே விதி இந்த ஆட்டத்தில் அதுதான். அதையும் எடுத்துவிட்டால் முதலாளிதான் சந்தோஷப்படுவார்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ராணியை ஏன் அங்கே வைத்தாய்? நீ வாயால் சொல்லி நான் கேட்டதே இல்லை.

மாப்பிள்ளை


மார்ச் 24

மாப்பிள்ளை அவர்களுக்கு,

முடிந்துபோன ஆட்டத்தைப் பற்றி இப்போது எதற்கு? விதியைப் பற்றிப் பேசுவோம்.

நகர இடமில்லாதவன் நாம்தான் என்கிறீர்கள். சரி. அவனுக்குப் பாதிப் புள்ளி கொடுத்து உட்கார வைப்பதுதான் உங்கள் நியாயமா? அந்தப் பாதியில்தான் நாம் மயங்கிக் கிடக்கிறோம். முழுசாகத் தோற்றால் கோபமாவது வரும். பாதி கிடைத்தவனுக்குக் கோபமும் பாதிதான். இங்கே கான்ட்ராக்டர் அப்படித்தான் செய்கிறான். பட்டியலிலிருந்து பெயரை எடுப்பதில்லை. வாரத்தில் மூன்று நாள் மட்டும் போடுகிறான். யாரும் சத்தம் போடுவதில்லை.

போன வாரம் உருளையில் ஒருவனுடைய சட்டைக் கை மாட்டிக்கொண்டது. நல்லவேளை, சட்டையோடு போயிற்று. மேற்பார்வையாளர் கிழிந்த சட்டையைப் பார்த்துவிட்டு உருளையைத்தான் தடவிப் பார்த்தார், அதற்கு ஏதும் ஆகிவிட்டதா என்று.

உங்கள் கேள்விக்குப் பதில் சொல்ல ஒன்றுமில்லை. கூடத்தில் இருநூறு பேர் பார்த்தார்கள். பார்த்தவர்கள் சொன்னதுதான்.

தங்கச்சியிடம் சொல்லுங்கள், புருஷனோடு சண்டை போட என்னை இழுக்க வேண்டாம் என்று.

மச்சான்


ஏப்ரல் 7

மச்சானுக்கு,

கமிட்டி கூடியது. முதலாளியே வந்து உட்கார்ந்தார். பேசி வைத்த டிராவுக்குத் தடை, குவளைக்கு முழுக்கு. இரண்டும் நீ சொன்னதுதான். இரண்டுக்கும் அவர் பெயரைப் போட்டுக்கொண்டார்.

ஆனால் அவரிடமும் ஒன்று இருந்தது. எங்கேயோ படித்திருக்கிறார். வெள்ளைக்கு முதல் நகர்வு என்பதால் கொஞ்சம் சாதகம் உண்டு அல்லவா? அதைச் சமன்படுத்த, டிரா ஆனால் கருப்பு ஜெயித்ததாகக் கொள்ளவேண்டும். அப்படியானால் எல்லாரும் கருப்பையே கேட்பார்கள். அதனால் கருப்பை ஏலம் விடவேண்டும். வெள்ளைக்கு எப்போதும் இருபது நிமிஷம். ஆட்டத்துக்கு முன் இருவரும் தனித்தனிச் சீட்டில், "இத்தனை நிமிஷம் போதும், கருப்பை எனக்குக் கொடுங்கள்" என்று எழுதிக் கொடுக்கவேண்டும். யார் குறைவாக எழுதுகிறாரோ அவருக்குக் கருப்பு. அவர் எழுதின நிமிஷம்தான் அவருக்கு. இரண்டும் ஒன்றாக இருந்தால் நிறத்துக்கு மட்டும் நாணயம் சுண்டுவது.

"இப்ப டிரான்னு ஒண்ணே கிடையாது பாருங்க. யாருக்கு எது வேணுமோ அவங்களே விலை சொல்லிக்கறாங்க. இதைவிட நியாயம் உண்டா?" என்றார். கேட்கும்போது சரி மாதிரிதான் இருந்தது. வீட்டுக்கு வரும் வழியில்தான் ஏதோ இடித்தது. என்ன என்று சொல்லத் தெரியவில்லை. நீ சொல்லுவாய்.

ஸ்டேல்மேட் பாக்கி. கோட்டு அதை வெற்றியாக்கச் சொல்கிறார், பாய்லர்காரர் வேண்டாம் என்கிறார். அடுத்த வாரம் என் ஓட்டில் நிற்கிறது.

ஆகவே மறுபடியும் கேட்கிறேன். இந்தத் தடவை மாப்பிள்ளையாகக் கேட்கவில்லை. விரிப்பில் கட்டம் வரைந்த அன்று எதிரே உட்கார்ந்திருந்தவனாகக் கேட்கிறேன். ராணியை ஏன் அங்கே வைத்தாய்?

மாப்பிள்ளை


ஏப்ரல் 8

மாப்பிள்ளை அவர்களுக்கு,

ஹாரன் லாரியில் சாமான் இறக்கும் நேரத்துக்குள் எழுதுகிறேன். கையெழுத்து மோசமாக இருக்கும்.

உங்களுக்கு இடித்தது எது என்று நான் சொல்கிறேன். அது டெண்டர். எந்தக் கான்ட்ராக்டர் குறைந்த ஆளை வைத்து அதே துணியை வெளுத்துத் தருவேன் என்கிறானோ அவனுக்கு வேலை. அதையே எங்களுக்கும் எழுதிவிட்டார். பசித்தவன் பத்து என்று எழுதுவான். அவனைவிடப் பசித்தவன் ஏழு என்று எழுதுவான். அப்புறம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஆடித் தோற்பான். முதலாளி சொல்வார்: "நீயா எழுதினதுதானேப்பா."

இதற்கு ஒரே வழி. யாரும் குறைத்து எழுதக் கூடாது. எல்லாச் சீட்டிலும் இருபது. முதல் சுற்றிலிருந்து கடைசி வரை, இரண்டு இடத்திலும், ஆடுகிற அத்தனை பேரும். நிறம் நாணயத்தில் போகட்டும், எங்கள் நிமிஷத்தை நாங்கள் விற்கப்போவதில்லை.

இங்கே நான் பேசிவிடுகிறேன். அங்கே பொத்தான் அக்காவிடம் சொல்லுங்கள். பன்னிரண்டு வருஷமாகச் சாம்பல் அட்டையோடு இஸ்திரி போடுகிறவர். உருளையில் உதிரும் பொத்தான்களைப் பொறுக்கி நம் ஆட்டத்துக்குக் காய் கொடுத்தவர். அவர் சொன்னால் மடிப்பு மேஜை முழுக்கக் கேட்கும். நீங்கள் கமிட்டியில் இருப்பதால் இந்தக் கடிதத்தைப் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

மச்சான்


ஏப்ரல் 8, அதே நாள்

டேய்,

ஹாரன் டயர் பஞ்சர் என்று உட்கார்ந்துவிட்டான். இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. பஞ்சர் ஆகாமல் அவன் கிளம்பியிருந்தால் இதை எழுதியிருக்கமாட்டேன்.

நான் விட்டுக் கொடுக்கவில்லை. தப்பு செய்தேன். அவ்வளவுதான்.

மூன்று நகர்வில் முடியப்போகிறது என்று எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் நான் பலகையில் இல்லை. கோட்டு மேஜைமேல் நீல அட்டையை ஒரு உறையில் வைத்திருந்தார். உறைக்கு வெளியே கயிறு தொங்கியது. கயிறு நீளம் போதுமா, கழுத்தில் உறுத்துமா என்று யோசித்துக்கொண்டே ராணியை வைத்துவிட்டுக் கையை எடுத்தேன். எடுத்த பிறகுதான் பார்த்தேன். உன் முகத்தைப் பார்த்தேன். நீ என்னைப் பார்த்த பார்வை, ஏதோ சாமியைப் பார்க்கிற மாதிரி இருந்தது. அதற்குள் கைதட்டல்.

அந்த ஒரு நிமிஷத்தில் "இல்லைங்க, தெரியாம வெச்சிட்டேன்" என்று சொல்லியிருக்கவேண்டும். முதல் வாரம் கற்றவன் செய்கிற முட்டாள்தனத்தைச் செய்தவன் என்பதைவிட, தங்கச்சிக்காக வாழ்க்கையைக் கொடுத்தவன் என்பது கேட்க நன்றாக இருந்தது. வேலைதான் போயிற்று, பெயராவது இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அம்மா ஊரெல்லாம் சொன்னாள். தங்கச்சி காலைத் தொட்டு அழுதாள். அப்புறம் எப்படிச் சொல்வது? உன் எதிரே உட்கார முடியாமல்தான் இங்கே ஓடிவந்தேன். "நீங்கள்" போட்டது உன்மேல் கோபத்தில் இல்லை. "டா" போட்டால் உண்மையைச் சொல்லிவிடுவேனோ என்ற பயம்.

ஸ்டேல்மேட்டை வெற்றியாக்கச் சொன்னதற்கும் இதுதான் காரணம். நியாயம், டிரா குறையும் என்றதெல்லாம் மேல்பூச்சு. அன்றைக்கு ஜெயித்தவன் நான்தான் என்று ஒரு காகிதத்திலாவது எழுதியிருக்கவேண்டும் என்று ஆசை.

அந்த விதியைக் கிழித்துப் போடு. நீ சொன்னதுதான் சரி. கடிதத்தைத் தங்கச்சியிடம் காட்டு.

ஹாரன் கூப்பிடுகிறான்.


ஏப்ரல் 15

படித்தேன்.

இரண்டு வருஷம்டா. சொந்த வீட்டில் விருந்தாளி மாதிரி சாப்பிட்டேன். நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அன்றைக்கு நீ குவளையால் தோற்றாய், நான் குவளையால் ஜெயித்தேன், அவ்வளவுதான். யாரும் யாருக்கும் பிச்சை போடவில்லை. உன்னை எதிரில் வைத்து நாலு அறை விடவேண்டும் போல இருக்கிறது. ஹாரன் லாரியில் அதை ஏற்ற முடியாது.

கடிதத்தை அவளிடம் காட்டவில்லை. அதை நீயே சொல்லவேண்டும். கடிதத்தில் இல்லை, வாயால்.

ஸ்டேல்மேட் டிராவாகவே இருக்கும் என்று ஓட்டுப் போட்டேன். உனக்காக இல்லை, உன்னை எதிர்த்தும் இல்லை. எனக்குச் சரி என்று பட்டதால்.

இன்னொன்று. வெளுத்த கட்டுகளில் கட்டும் நம்பர் பட்டியை நான்தான் மை போட்டு எழுதுகிறேன் என்பது உனக்குத் தெரியும். இந்த வாரம் எல்லாப் பட்டியிலும் தவறுதலாக இருபது என்றே எழுதிவிட்டேன். ஒரு பெட்டி நிறைய உன் கிளைக்கும் அனுப்பியிருக்கிறேன். பொத்தான் அக்கா ஒரு பட்டியை எடுத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, உங்க கைக்கு என்ன ஆச்சு?" என்றார். "வேற நம்பர் மறந்துபோச்சுக்கா" என்றேன். மத்தியானத்துக்குள் மடிப்பு மேஜை முழுக்க எல்லார் கையிலும் அந்தப் பட்டி கட்டியிருந்தது. கோட்டு, "என்ன, எல்லாருக்கும் அடிபட்டுடுச்சா?" என்று கேட்டுக்கொண்டு போனார்.

இறுதி ஆட்டம் இந்த வருஷம் உன் கிளையில். நீ ஒருவேளை அதுவரை வந்தால், உறவுக்காரன் என்பதால் நான் அங்கே வரக் கூடாது என்று இப்போதே சொல்லிவிட்டார்கள்.

ஒழுங்காக ஆடு.


மே 12

டேய் மாப்ள,

ஹாரன் முந்திக்கொண்டு சொல்லியிருப்பான். அவன் சொன்னதில் பாதி பொய்யாக இருக்கும். நான் சொல்கிறேன், கேள்.

ஆறு சுற்று. கோட்டு ஒவ்வொரு சீட்டாகப் பிரித்தார். இருபது. இருபது. இருபது. இருபது. மூன்றாவது சுற்றில் அவர் கோட்டைக் கழற்றிவிட்டார், அதைப் பார்த்துக் கூடமே விசிலடித்தது. முதலாளி எழுந்து, "குறைச்சு எழுதறதுக்குத்தான்யா இந்த விதியே" என்றார். பின்வரிசையிலிருந்து யாரோ, "எங்களுக்கு இருபதுக்குக் கீழ எண்ணத் தெரியாதுங்க" என்றார்கள். நான் இந்த ஆலையில் கேட்ட நல்ல சிரிப்பு அதுதான்.

இறுதிக்கு நானும் பொத்தான் அக்காவும்.

சீட்டை வாங்கிக்கொண்டு சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். உண்மையைச் சொல்கிறேன், இனிமேல் உனக்கு வேறு எதையும் சொல்லமாட்டேன். முதலில் பத்தொன்பது என்று எழுதினேன். ஒரே ஒரு நிமிஷம்தானே, யாருக்குத் தெரியப்போகிறது என்று. அந்தச் சீட்டைக் கசக்கி வாயில் போட்டு மென்றுவிட்டேன். வேறு சீட்டு கேட்டு வாங்கி இருபது எழுதினேன்.

கோட்டு பிரித்தார். எனக்கு இருபது. அக்காவுக்கு ஒன்பது.

அக்கா யாரையும் பார்க்கவில்லை. கையில் இருந்த பட்டியை அவிழ்த்துச் சேலை மடிப்பில் வைத்துக்கொண்டார். என்னிடம் மட்டும் மெதுவாக, "பன்னண்டு வருஷம் தம்பி. கை நடுங்க ஆரம்பிச்சிடுச்சு. இன்னும் எத்தனை நாள் இஸ்திரி பிடிப்பேன்?" என்றார். கோபமே வரவில்லை என்றால் அது பொய். வந்தது. காய்களைப் பலகையில் அடித்து அடித்து அடுக்கினேன்.

அவருக்குக் கருப்பு. ஒன்பது நிமிஷம். டிரா ஆனால் அவருக்கு. நான் ஜெயித்தே ஆகவேண்டும்.

நன்றாகத்தான் ஆடினேன். கடைசியில் அவரிடம் ராஜா மூலையில், என் சிப்பாய் மறித்ததால் அசைய முடியாத ஒரு சிப்பாய், ஒரு குதிரை, ஒரு யானை. என்னிடம் எல்லாமே கூடுதல். அவருக்கு ஒரு நிமிஷம்கூட பாக்கி இல்லை. குதிரையை என் ராணிக்கு நேரே வைத்தார். அவசரத்தில் தவறவிட்டார் என்று நினைத்து எடுத்துக்கொண்டேன். நான் கையை எடுத்ததுமே யானையைக் கொண்டுவந்து என் ராஜாவின் முகத்துக்கு நேரே ஒட்டி நிறுத்தினார். "செக்."

அந்த யானையை வெட்டினால் அவருக்கு நகர ஒன்றுமே இல்லை. ஸ்டேல்மேட். வெட்டாமல் நகர்ந்தேன். யானை பின்னாலேயே வந்தது. செக். மறுபடி நகர்ந்தேன். செக். பைத்தியம் பிடித்த யானை மாதிரி, வெட்டு, வெட்டு என்று கழுத்தை நீட்டிக்கொண்டு வந்தது. ஒன்பது கட்டம் ஓடினேன். ஒளிய இடமில்லை, ஒரே நிலை மூன்று முறை வந்தாலும் டிராதான். குதிரையைக் கொடுத்தபோதே அவர் இதையெல்லாம் பார்த்திருக்கிறார். அப்போது இருபது வினாடிதான் இருந்தது அவருக்கு. வெட்டினேன்.

என் விதியை நீ கமிட்டியில் வைத்திருந்தால் அந்த நொடியில் நீல அட்டை எனக்கு. அந்த நினைப்பு வந்தது. வரவில்லை என்று சொல்லமாட்டேன்.

அப்புறம்தான் அது நடந்தது. கைதட்டல். எழுந்து நின்றார்கள். முன்வரிசையில் ஒருவன், "மறுபடியும் விட்டுக் கொடுத்துட்டான்யா! அந்தப் பொம்பளைக்காக விட்டுக் கொடுத்துட்டான்!" என்று கத்தினான். முதலாளியும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்கா தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு நீல அட்டை வாங்கிக்கொண்டு நீ உட்கார்ந்திருந்த மாதிரியே.

நாற்காலிமேல் ஏறிவிட்டேன். "யோவ், கைதட்டறத நிறுத்துங்கய்யா! நான் யாருக்கும் எதையும் விட்டுக் கொடுக்கல. அவங்க எங்கிட்டேர்ந்து பிடுங்கிக்கிட்டாங்க. நான் தோத்தேன். அந்த யானையைப் பார்த்தீங்களா, இல்ல தூங்கினீங்களா?" என்றேன். அதோடு விடவில்லை. "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியும் விட்டுக் கொடுக்கல. அது என் முட்டாள்தனம். என் மாப்ளைக்கு நான் ஒரு மயிரும் தானம் பண்ணல" என்றேன். மைக் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. கவனிக்கவில்லை.

கைதட்டல் நின்றது. அக்கா நிமிர்ந்து பார்த்தார். பலகையில் நான் வெட்டின யானையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "மூணு நகர்வுக்கு முன்னாடியே பார்த்துட்டேன் தம்பி" என்றார். குரலில் அவ்வளவு பெருமை. பன்னிரண்டு வருஷத்தில் அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

எனக்கு இனி வாய்ப்பு இல்லை. திங்கட்கிழமை பட்டியல் பார்க்கப் போகவேண்டும். இருபது என்று கையில் கட்டின பட்டியை இன்னும் சிலர் அவிழ்க்கவில்லை. ஏன் என்று கேட்டால், "இருக்கட்டும், வேற எதுக்காவது ஆகும்" என்கிறார்கள். கான்ட்ராக்டர் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனான். கேட்காமல் போனது இதுதான் முதல் தடவை.

இன்று சாயங்காலம் தங்கச்சிக்குப் போன் செய்கிறேன். நீ பக்கத்தில் இரு.


மே 19

மச்சான்,

போனில் நீ பேசினதை அவள் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டாள் என்று உனக்குத் தெரியாது. அடுக்களையில் நின்று நானும் கேட்டேன். போனை வைத்துவிட்டு வாளியை எடுத்தாள். துவைத்த துணியையே மறுபடி துவைத்தாள். அப்புறம் வந்து, "ரெண்டு வருஷம் அவன் பொய்ய வெச்சு உங்களோட சண்டை போட்டிருக்கேன். இனிமே எதை வெச்சுப் போடறது?" என்று கேட்டாள். குழாய் இன்னும் ஒழுகுது என்றேன். சிரித்தாள். உன்மேல் கோபம் போகவில்லை. நேரில் வந்தால்தான் தீரும் என்கிறாள், எப்படித் தீரும் என்று சொல்லவில்லை. செருப்போடு வா, இங்கேயும் தரை சுடும்.

பொத்தான் அக்கா நீல அட்டையோடு இங்கேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டார். மடிப்பு மேஜையில் ஒரு வாரம் யாரும் அவரோடு பேசவில்லை. அந்த ஒன்பதை யாரும் மறக்கவில்லை. நேற்று அவர் தன் பொத்தான் டப்பாவைக் கொண்டுவந்து மேஜைமேல் கவிழ்த்து, "ஆட யாரு வர்றீங்க?" என்றார். கடைசியில் ஒருத்தி போய் உட்கார்ந்தாள்.

இன்று காலை அட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் போனேன். கோட்டு பழக்கதோஷத்தில் திருப்பிவிடக் கையை நீட்டினார். படம் வெளியேதான் இருந்தது. கையை என்ன செய்வது என்று தெரியாமல் என் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனார்.

கிழிந்த விரிப்பு ஒன்றை எடுத்துவைத்திருக்கிறேன். கட்டம் வரைந்தாயிற்று. ஹாரன் வாரம் ஒரு நகர்வு கொண்டுபோவான். எனக்கு வெள்ளை. ராஜா முன்னால் நிற்கும் சிப்பாய், இரண்டு கட்டம்.

உன் முறை. ராணியை வைக்கும்போது பலகையைப் பார்.